பதினான்கு மாதங்களில் ஜாஸ் இசையின் தாளத்தை மாற்றிய கை முரசுக் கலைஞர் சானோ போசோ

கியூபாவின் ஹவானா நகரில் வறியோர் குடியிருப்பு ஒன்றில் வளர்ந்து, இசைக்குறிப்பு எழுதவோ படிக்கவோ அறியாமல், ஆங்கிலமும் பேசத் தெரியாமல் நியூயார்க் நகரை அடைந்த ஒருவர், அமெரிக்காவின் ஜாஸ் இசைக்குப் புதியதொரு கிளையை உருவாக்கிக் கொடுத்தார். சானோ போசோ என்று உலகம் அறிந்த அந்தக் கொங்கா முரசுக் கலைஞர், அமெரிக்க மேடைகளில் புகழுடன் இருந்த காலம் ஏறத்தாழ பதினான்கு மாதங்கள் மட்டுமே. 1947 செப்டம்பர் மாத இறுதியில் கார்னகி அரங்கில் ஒலித்த அவருடைய முரசு, 1948 டிசம்பர் மாதத் தொடக்கத்தில் துப்பாக்கிக் குண்டுகளால் ஓய்ந்தது. அப்போது அவருக்கு வயது 33.

அந்தக் குறுகிய காலத்தில் அவர் விட்டுச் சென்ற இசைத்தட்டுகள் மிகக் குறைவு. ஆயினும் இன்று உலகெங்கும் 'லத்தீன் ஜாஸ்' என்ற பெயரில் வாசிக்கப்படும் இசையின் அடித்தளத்தில் அவருடைய கைகள் எழுப்பிய ஒலி இருக்கிறது. தோல் முரசைக் கையால் தட்டி வாசிப்பவர், ஜாஸ் குழுவில் வெறும் அலங்காரமாக அல்லாமல், இசையின் அமைப்பையே தீர்மானிப்பவராக அமரலாம் என்பதை அவருடைய வாழ்க்கை நிலைநாட்டியது.

முரசுக்கு இரு வேறு விதிகள்

போசோவின் பங்களிப்பைப் புரிந்துகொள்ள, அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் முரசுகளுக்கு இரு நாடுகளில் நேர்ந்த இரு வேறு கதிகளை அறிய வேண்டும்.

பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த வட அமெரிக்கக் குடியேற்றங்களில் முரசு அச்சத்துக்குரிய பொருளாகக் கருதப்பட்டது. 1739-இல் தென் கரோலினாவில் நிகழ்ந்த ஸ்டோனோ கிளர்ச்சியில், அடிமைகள் முரசொலி எழுப்பி ஒருவரையொருவர் திரட்டினர். அதையடுத்து 1740-இல் இயற்றப்பட்ட கடுமையான சட்டம், அடிமைகள் முரசு வைத்திருப்பதையே தடைசெய்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரின் கொங்கோ சதுக்கம் போன்ற சில இடங்கள் நீங்கலாக, ஆப்பிரிக்கக் கை முரசு வட அமெரிக்க மண்ணில் பெரும்பாலும் மறைந்துபோனது. அந்த மக்களின் தாள உணர்வு கைத்தட்டலிலும், கால் தட்டலிலும், குரலிலும் அடைக்கலம் புகுந்தது. பின்னாளில் ஜாஸ் பிறந்தபோது, அதன் தாளத்தை ஏந்தியது இராணுவ இசைக்குழுக்களின் வழிவந்த, குச்சியால் அடிக்கும் முரசுத் தொகுதியே ஆகும்.

ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த கியூபாவில் நிலைமை வேறாக இருந்தது. அங்கும் அடிமைமுறை கொடியதே. அது 1886-இல்தான் முழுமையாக ஒழிக்கப்பட்டது. ஆனால் ஆப்பிரிக்க இனக்குழுக்கள் 'கபில்டோ' எனப்படும் சங்கங்களாகக் கூடி, தம் தெய்வங்களையும் மொழிகளையும் முரசுகளையும் ஓரளவு பேணிக்கொள்ள இயன்றது. யொரூபா மக்களின் வழிபாடு கத்தோலிக்கப் புனிதர்களின் பெயர்களைப் போர்த்திக்கொண்டு 'சான்டேரியா' என்று வாழ்ந்தது. காலபார் பகுதியிலிருந்து வந்தோரின் இரகசிய ஆடவர் சங்கம் 'அபக்குவா' என்ற பெயரில் துறைமுகத் தொழிலாளரிடையே வேரூன்றியது. கொங்கோ வழிவந்தோரின் முரசுகளிலிருந்து, பீப்பாயைப் போன்று மரப்பட்டைகளை இணைத்துச் செய்யப்பட்ட உயரமான 'தும்பதோரா' உருவாயிற்று. உலகம் அதைக் கொங்கா என்று அழைக்கிறது.

இவ்வாறு பிரிந்துபோன இரு உடன்பிறப்புகளை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மீண்டும் சந்திக்க வைத்தவர்களுள் முதன்மையானவர் சானோ போசோ.

ஹவானாவின் குடியிருப்பு முற்றத்தில்

லூசியானோ போசோ கொன்சாலெஸ் என்பது அவருடைய இயற்பெயர். 1915 ஜனவரி 7 அன்று ஹவானாவில் பிறந்தார். தந்தை காலணிகளுக்கு மெருகிட்டுப் பிழைத்தவர். சிறுவயதிலேயே தாயை இழந்தார் போசோ. பின்னர் தந்தை வேறொரு பெண்ணுடன் குடும்பம் நடத்த, அவ்வழியே பிற்காலத்தில் கியூபாவின் தலைசிறந்த ட்ரம்பெட் கலைஞர்களுள் ஒருவராக விளங்கிய ஃபெலிக்ஸ் சப்போத்தின் அவருக்குச் சகோதர உறவானார்.

அவர் வளர்ந்த இடம் 'ஆப்பிரிக்கா' என்றே பெயர் கொண்ட ஒரு 'சோலார்'. நடுவே ஒரு முற்றம், அதைச் சுற்றி ஓரறை வீடுகள், ஒவ்வோர் அறையிலும் ஒரு குடும்பம் என்று அமைந்த குடியிருப்புகளே சோலார்கள். வறுமையும் வன்முறையும் மிகுந்த அந்த முற்றங்களில்தான் ரும்பா ஆட்டமும் பாட்டும் முரசும் நாள்தோறும் நடந்தன. முரசு கிடைக்காதபோது மரப்பெட்டிகளும் மேசை இழுப்பறைகளும் முரசுகளாயின. போசோவுக்கு அந்த முற்றமே இசைப் பள்ளியாயிற்று.

பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றது. தெருச் சண்டைகளிலும் சிறு குற்றங்களிலும் சிக்கிய அவர், பதின்ம வயதில் குவானாஹாய் என்னும் ஊரிலிருந்த சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அங்கே எழுதப் படிக்கக் கற்றார். முரசு வாசிப்பும் அங்கேதான் தேர்ச்சி பெற்றது. வெளியே வந்தபின் கிடைத்த வேலைகளைச் செய்து பிழைத்தார்.

சான்டேரியா நெறியில் இடி மின்னலுக்கும் முரசுக்கும் அதிபதியான சாங்கோ தெய்வத்தின் பக்தராகவும், அபக்குவா சங்கத்தின் உறுப்பினராகவும் அவர் விளங்கினார். பிற்காலத்தில் நியூயார்க் மேடைகளில் அவர் பாடிய விளங்காத சொற்கள் யாவும் இந்த வழிபாட்டு மரபுகளிலிருந்து வந்தவையே.

திருவிழா வீதியிலிருந்து வானொலிக்கு

ஹவானாவின் திருவிழாக் காலத்தில் ஒவ்வொரு பேட்டையும் தனக்கென ஓர் ஆடல் ஊர்வலத்தைத் திரட்டும். 'கம்பார்சா' எனப்படும் இந்த ஊர்வலங்கள் அநாகரிகமானவை என்று கருதப்பட்டுப் பல ஆண்டுகள் தடைசெய்யப்பட்டிருந்தன. 1937-இல்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. அந்தப் புத்தெழுச்சிக் காலத்தில் பெலென் பேட்டையின் 'லோஸ் தாண்டிஸ்' ஊர்வலத்துக்காகப் போசோ இயற்றிய பாடல் நகரெங்கும் பரவியது. முரசு வாசிப்பவர், பாடகர், ஆடற்கலைஞர், பாடலாசிரியர் என்று நான்கு நிலைகளிலும் அவர் பெயர் பெற்றார்.

1940-ஆம் ஆண்டில் 'காசினோ தெ லா பிளாயா' இசைக்குழு, பாடகர் மிகெலித்தோ வால்டெஸின் குரலில், போசோவின் 'பிளென் பிளென் பிளென்' பாடலைப் பதிவு செய்தது. அவர் இயற்றிய 'நாகுவே' பாடல், நியூயார்க்கில் குடியேறிய கியூபப் பாடகர் மச்சித்தோவின் குழு முதன்முதலில் பதிவு செய்த பாடல்களுள் ஒன்றாயிற்று. இவ்வாறு, படைத்தவர் வருவதற்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பே அவருடைய பாடல்கள் அமெரிக்கா சென்று சேர்ந்துவிட்டன.

ஹவானாவின் ஆடம்பர இரவு விடுதிகளிலும் அவருக்கு வாய்ப்புகள் கிட்டின. 1941-இல் ரஷ்ய பாலே கலைஞர்களின் பங்கேற்புடன் அரங்கேறிய 'கொங்கோ பந்தேரா' என்ற பெரும் ஆடல் நிகழ்ச்சியில் அவருடைய முரசுக்குச் சிறப்பிடம் அளிக்கப்பட்டது. நாடு முழுவதும் கேட்கப்பட்ட 'ஆர்எச்சி கதேனா அசுல்' வானொலி நிலையத்திலும் பணியாற்றினார். விலையுயர்ந்த ஆடைகள், மோதிரங்கள், கார் என்று பகட்டாக வாழ்வதில் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது.

ஆனால் இந்தப் பகட்டுக்குப் பின்னால் ஒரு கசப்பு இருந்தது. கறுப்பினத்தவர் விருந்தினராக நுழைய இயலாத அரங்குகள் ஹவானாவில் பல இருந்தன. கலைஞராக மட்டுமே அவர்கள் உள்ளே அனுமதிக்கப்பட்டனர். பாடல்கள் எங்கும் ஒலித்தபோதும் அவற்றுக்கு உரிய பங்குத்தொகை தமக்கு முறையாகக் கிடைப்பதில்லை என்று போசோ கருதினார். இந்த விவகாரத்தில் இசைப் பதிப்பகத் தரப்பினருடன் ஏற்பட்ட தகராறு முற்றி, அவர் சுடப்பட்டார். உயிர் பிழைத்தார். எனினும் ஒரு குண்டு முதுகெலும்பின் அருகே தங்கிவிட்டது; அதை அகற்றுவது ஆபத்து என்று மருத்துவர்கள் விட்டுவிட்டனர். நியூயார்க் மேடைகளில் துள்ளி ஆடியபடி முரசு வாசித்த மனிதர், தம் உடலுக்குள் அந்தக் குண்டைச் சுமந்துகொண்டே ஆடினார்.

ட்ரம்பெட் கலைஞரின் தேடல்

மிகெலித்தோ வால்டெஸின் ஊக்கத்தால் 1947 தொடக்கத்தில் போசோ நியூயார்க் நகரில் குடியேறினார். வந்த சில வாரங்களிலேயே மச்சித்தோவின் குழுவினருடனும், பார்வையற்ற இசைமேதை ஆர்செனியோ ரோட்ரிகெஸுடனும் சேர்ந்து சில பதிவுகளில் பங்கேற்றார். எனினும் அவருடைய வாழ்வின் திருப்பம் வேறொருவரிடமிருந்து வந்தது.

டிஸ்ஸி கில்லெஸ்பி அப்போது ஜாஸ் உலகின் புரட்சியாளர்களுள் ஒருவர். சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கருடன் இணைந்து, விரைவும் சிக்கலும் மிக்க 'பெபாப்' பாணியை உருவாக்கியவர். 1939 முதல் கேப் கேலோவே குழுவில் பணியாற்றியபோது, அதே குழுவில் ட்ரம்பெட் வாசித்த கியூபக் கலைஞர் மரியோ பவுசாவிடமிருந்து கியூபத் தாளங்களின் நுட்பங்களை அவர் ஓரளவு அறிந்திருந்தார். பவுசா பின்னர் மச்சித்தோ குழுவின் இசை இயக்குநராகி, 1943-இல் உருவான 'தங்கா' வாயிலாகக் கியூபத் தாளத்தையும் ஜாஸ் ஒத்திசைவையும் இணைத்துக் காட்டியவர். அது கியூபக் குழு ஒன்று ஜாஸை நோக்கி வந்த பாதை. எதிர்த்திசையில், ஜாஸ் குழு ஒன்று கியூபாவை நோக்கிச் செல்லும் பாதையைக் கில்லெஸ்பி தேடினார்.

1947-இல் தம் பெருங்குழுவுக்குக் கொங்கா வாசிப்பவர் ஒருவர் வேண்டுமென்று கில்லெஸ்பி கேட்டபோது, பவுசா அவரைச் சானோ போசோவிடம் அழைத்துச் சென்றார். ஒருவருக்கு ஸ்பானியம் தெரியாது. மற்றவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆயினும் முரசொலியைக் கேட்ட மாத்திரத்தில் கில்லெஸ்பி தாம் தேடியவரைக் கண்டுகொண்டார். இருவரின் மூதாதையரும் ஒரே கண்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பதே அவர்களுக்கிடையே மொழியாக அமைந்தது என்ற கருத்தைக் கில்லெஸ்பி பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

கார்னகி அரங்கில்

1947 செப்டம்பர் 29 அன்று கார்னகி அரங்கில் கில்லெஸ்பி குழுவின் இசை நிகழ்ச்சி நடைபெற்றது. சார்லி பார்க்கரும் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் பங்கேற்ற அந்த மாலையில், இளம் இசையமைப்பாளர் ஜார்ஜ் ரஸ்ஸல் அமைத்துக் கொடுத்த 'கியூபானா பி, கியூபானா பாப்' என்ற படைப்பு புதுமையாக ஒலித்தது. அதன் நடுவே போசோ தனியே முரசு வாசித்து வழிபாட்டுப் பாடல்களைப் பாட, குழுவினர் கூட்டாக மறுமொழி பாடினர். ஹவானாவின் சோலார் முற்றங்களில் கேட்ட அழைப்பும் மறுமொழியும், நியூயார்க்கின் மதிப்புமிக்க மேடையில் ஒலித்தன.

எனினும் இந்த இணைப்பு எளிதாக நிகழ்ந்துவிடவில்லை. இரு இசைகளும் காலத்தை இரு வேறு விதமாக எண்ணுகின்றன. ஜாஸின் 'ஸ்விங்' நடையில் ஒவ்வோர் அடியும் சமமற்ற இரு பகுதிகளாக, ஒன்று நீண்டும் ஒன்று குறுகியும், சாய்ந்து நடக்கும். இரண்டாம், நான்காம் அடிகளில் அழுத்தம் விழும். கியூப இசையிலோ அடிகள் சமமாகப் பகுக்கப்படும். இசை முழுவதும் 'கிளாவே' எனப்படும் ஐந்து தட்டுகள் கொண்ட அச்சைச் சுற்றியே சுழலும். ஒரு பாதியில் மூன்று தட்டுகள், மறுபாதியில் இரண்டு தட்டுகள் என்பது அதன் கணக்கு. பாடலானாலும் முரசானாலும் இந்தக் கணக்கைப் பிறழவிடுதல் கூடாது.

கில்லெஸ்பி குழுவின் கலைஞர்களுக்கு இந்தக் கணக்கு பழக்கமில்லை. போசோவுக்கு ஸ்விங் நடை பழக்கமில்லை. சுற்றுப்பயணங்களின்போது பேருந்தில் செல்லுகையில், போசோ குழுவினர் ஒவ்வொருவருக்கும் ஒரு தாளத்தைக் கற்பித்து, அனைவரையும் ஒரே நேரத்தில் தட்டச் செய்து, அவை பின்னிப் பிணைந்து ஒன்றாவதைக் காட்டுவார். பேசிப் புரியவைக்க இயலாததைத் தட்டிப் புரியவைத்தார். அந்தப் பயணங்களில் அவருக்கு நெருக்கமான பாஸ் கலைஞர் அல் மெக்கிப்பன், கற்ற பாடத்தை வாழ்நாள் முழுவதும் பேணி, பின்னர் ஜார்ஜ் ஷியரிங், கால் ஜேடர் ஆகியோரின் குழுக்களில் லத்தீன் ஜாஸின் பாஸ் வாசிப்புக்கு முன்மாதிரியாக விளங்கினார்.

'மன்தேக்கா' பிறந்த விதம்

போசோவின் பெயரை நிலைநிறுத்திய படைப்பு 'மன்தேக்கா'. கொழுப்பு என்று நேர்ப்பொருள் தரும் இந்த ஸ்பானியச் சொல், ஹவானா தெருமொழியில் கஞ்சாவையும் குறித்தது.

இசைக்குறிப்பு அறியாத போசோ, பாடலின் ஒவ்வோர் அடுக்கையும் வாயால் பாடிக் காட்டினார். பாஸ் என்ன வாசிக்க வேண்டும், அதன்மேல் சாக்ஸஃபோன்கள் எங்கே நுழைய வேண்டும், ட்ராம்போன்களும் ட்ரம்பெட்டுகளும் எப்படி மறுமொழி கூற வேண்டும் என்று, நம் மிருதங்க வித்துவான்கள் சொற்கட்டுகளைச் சொல்லிக் காட்டுவதுபோல், அவர் குரலால் வரைந்து காட்டியவற்றை வால்டர் கில் ஃபுல்லர் குறிப்பாக எழுதி இசைக்கோவையாக்கினார். ஒரே சுருதி நிலையில் சுழன்றுகொண்டிருந்த அந்த அமைப்புக்கு மாறுபட்ட ஒரு நடுப்பகுதி தேவை என்று கருதிய கில்லெஸ்பி, நாண் மாற்றங்கள் நிறைந்த பதினாறு அளவுகள் கொண்ட இணைப்புப் பகுதியை எழுதிச் சேர்த்தார்.

அந்தப் பகிர்வில்தான் படைப்பின் வெற்றி அடங்கியிருக்கிறது. போசோவின் பகுதிகளில் தாளம் கியூப முறையில் சமமாக நடக்கிறது. கில்லெஸ்பியின் இணைப்புப் பகுதியில் அது ஸ்விங் நடைக்கு நெகிழ்கிறது. பின் மீண்டும் கியூபாவுக்குத் திரும்புகிறது. ஒன்றை மற்றொன்றுக்குள் கரைத்துவிடாமல், இரண்டையும் அருகருகே நிறுத்தி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வாயிலைத் திறந்து வைத்தது 'மன்தேக்கா'.

1947 டிசம்பர் 30 அன்று ஆர்சிஏ விக்டர் நிறுவனத்துக்காக இந்தப் படைப்பு பதிவு செய்யப்பட்டது. முரசுத் தொகுதியில் கென்னி கிளார்க், கொங்காவில் போசோ, டெனர் சாக்ஸஃபோனில் பிக் நிக் நிக்கோலஸ் ஆகியோர் வாசித்தனர். 'கியூபானா பி', 'கியூபானா பாப்' ஆகியவை அதே மாதம் 22-ஆம் தேதி பதிவாகியிருந்தன. பாடலின் ஆக்கியோர் வரிசையில் போசோ, கில்லெஸ்பி, ஃபுல்லர் ஆகிய மூவரின் பெயர்களும் இடம்பெற்றன. ஹவானாவில் பங்குத்தொகைக்காக உயிரைப் பணயம் வைத்த மனிதருக்கு, அந்தப் பெயர்ப் பதிவின் பொருள் மிகப் பெரிது.

மௌனத்தின் ஆண்டு

காலம் போசோவுக்கு இணங்கவில்லை. 'மன்தேக்கா' பதிவான இரண்டாம் நாளே, அதாவது 1948 ஜனவரி 1 முதல், அமெரிக்க இசைக் கலைஞர் கூட்டமைப்பு ஒலிப்பதிவுத் தடையை அறிவித்தது. பெரிய நிறுவனங்களின் பதிவுக்கூடங்கள் ஆண்டு முழுவதும் கலைஞர்களின்றி இருந்தன. போசோவின் கலை உச்சத்தில் இருந்த ஆண்டு, பெருமளவு பதிவாகாமலேயே கழிந்தது.

எனினும் மேடைகள் திறந்தே இருந்தன. 1948-இன் தொடக்கத்தில் கில்லெஸ்பி குழு ஐரோப்பா சென்றது. ஸ்வீடன், பெல்ஜியம், பிரான்ஸ் ஆகிய நாடுகளில் நிகழ்ச்சிகள் நடந்தன. பிப்ரவரி 28 அன்று பாரிஸின் பிளேயல் அரங்கில் நடந்த நிகழ்ச்சி பதிவு செய்யப்பட்டது. போர் முடிந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்த ஐரோப்பாவில், பெபாப் இசையையும் கொங்கா முரசையும் பலர் ஒருசேர முதன்முறையாகக் கேட்டனர். அதே ஆண்டு ஜூலையில் கலிஃபோர்னியாவின் பசதேனா நகரில் நடந்த நிகழ்ச்சியும் ஒலிவடிவில் எஞ்சியிருக்கிறது. கழுத்திலிருந்து தொங்கிய முரசோடு மேடையின் முன்பக்கம் வந்து, ஆடியும் பாடியும் அவர் அவையைத் தன்வசப்படுத்தியதைக் கண்டவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

தடைக்கு இடையே 'புளூ நோட்' என்ற சிறு நிறுவனம் சில பதிவுகளை நடத்தியது. 1948 செப்டம்பரில் டாட் டேமரன், ஃபேட்ஸ் நவாரோ ஆகியோருடன் போசோ வாசித்த 'ஜாபெரோ' அவற்றுள் ஒன்று. அக்டோபரில் ஜேம்ஸ் மூடியின் குழுவுடன், முரசுத் தொகுதியில் ஆர்ட் பிளேக்கி அமர, 'தின் தின் தேயோ' பதிவானது. போசோவின் குரலும் முரசும் ஒலிக்கும் அந்த மென்மையான மெட்டு, 'மன்தேக்கா'வின் ஆர்ப்பரிப்புக்கு நேர்மாறானது. அவருக்குள் இன்னும் என்னென்ன இசை இருந்தது என்பதற்கு அது ஒரு சான்று.

ஹார்லெமில் ஒரு டிசம்பர் நாள்

1948 இறுதியில் கில்லெஸ்பி குழு அமெரிக்காவின் தென்மாநிலங்களில் சுற்றுப்பயணம் மேற்கொண்டது. நிறவெறிச் சட்டங்கள் நடைமுறையில் இருந்த அந்தப் பகுதியில், கறுப்பினக் கலைஞர்களுக்கு உணவகமும் தங்குமிடமும் கிடைப்பதே அரிது. வட கரோலினாவின் ராலே நகரில் போசோவின் முரசுகள் திருடு போயின. அக்காலத்தில் கொங்கா எளிதில் வாங்கக்கூடிய பொருளன்று. மரப்பட்டைகளால் இழைத்து, தோலை ஆணியடித்து இறுக்கி, தீயில் காட்டிச் சுருதி கூட்டப்படும் முரசு அது. வேறு முரசுகளைத் தேடி அவர் நியூயார்க் திரும்பினார். குழு தெற்கே பயணத்தைத் தொடர்ந்தது.

டிசம்பர் 2 அன்று ஹார்லெம் பகுதியில், 111-ஆம் தெருவுக்கு அருகிலிருந்த மதுக்கடை ஒன்றில் போசோ சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குக் கஞ்சா விற்ற ஒருவருடன் சரக்கின் தரம் குறித்து ஏற்பட்ட சச்சரவில், போசோ அவரைப் பலர் முன்னிலையில் அடித்து அவமானப்படுத்தினார் என்றும், அதற்குப் பழியாகவே கொலை நிகழ்ந்தது என்றும் அக்காலச் செய்திகள் கூறுகின்றன. அந்த நேரத்தில் கடையின் இசைப்பெட்டியில் 'மன்தேக்கா' ஒலித்துக்கொண்டிருந்தது என்பது இசை உலகில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

டிசம்பர் 4, சாங்கோ தெய்வத்துக்கு இணையாக வணங்கப்படும் புனித பார்பராவின் திருநாள். தெய்வத்துக்குச் செலுத்த வேண்டிய கடனைச் செலுத்தாமல் புறப்பட்டுச் சென்றதாலேயே அந்தத் திருநாளுக்கு முன் அவர் உயிரிழந்தார் என்று ஹவானாவின் பக்தர்கள் நம்பினர். நம்பிக்கை அவ்வாறிருக்க, வறுமையும் வன்முறையும் கற்பித்த வாழ்க்கைமுறை கடல் கடந்தும் அவரை விடவில்லை என்பதே புறத்தே தெரியும் உண்மை. அவருடைய உடல் ஹவானாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொலோன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. ஒலிப்பதிவுத் தடை விலகியது டிசம்பர் 14 அன்று. அவர் இறந்து பன்னிரண்டு நாள்களுக்குப் பின்னர்.

கைமாறிய தாளம்

போசோவுக்குப் பின் கொங்கா முரசு ஜாஸ் மேடையிலிருந்து இறங்கவே இல்லை. கில்லெஸ்பி 'மன்தேக்கா'வைத் தம் வாழ்நாளின் இறுதிவரை வாசித்தார். 1951-இல் 'தின் தின் தேயோ'வைத் தாமே பதிவு செய்தார். 1954-இல் கியூப இசையமைப்பாளர் சிக்கோ ஓஃபாரில், 'மன்தேக்கா'வை விரித்து ஒரு முழு இசைத்தொகுப்பாகக் கில்லெஸ்பிக்கு அமைத்துக் கொடுத்தார்.

கியூபாவிலிருந்து காந்திதோ காமேரோ, மொங்கோ சாந்தமரியா, அர்மாந்தோ பெராசா, பத்தாத்தோ வால்டெஸ் எனக் கலைஞர்கள் ஒருவர்பின் ஒருவராக அமெரிக்கா வந்து, போசோ திறந்த வாயிலின் வழியே நுழைந்தனர். சாந்தமரியாவின் 'ஆஃப்ரோ புளூ' பின்னர் ஜான் கோல்ட்ரேனின் கையில் ஜாஸின் நிலைத்த படைப்புகளுள் ஒன்றாயிற்று. நியூயார்க்கில் பிறந்த போர்ட்டோ ரீக்கோ வம்சாவளியினரான ரே பரேத்தோ, அமெரிக்க இராணுவ வீரராக ஜெர்மனியில் பணியாற்றியபோது 'மன்தேக்கா' இசைத்தட்டைக் கேட்டே தம் வாழ்வின் வழியைத் தேர்ந்தார். போசோவை ஒருமுறையும் சந்திக்காத அந்த இளைஞர், பின்னாளில் உலகின் முன்னணிக் கொங்கா கலைஞர்களுள் ஒருவரானார்.

கியூபாவிலும் நினைவு மங்கவில்லை. மாபெரும் பாடகர் பென்னி மொரே, மறைந்த ரும்பாக் கலைஞர்களுக்காகப் பாடிய இரங்கல் பாடலில் சானோவின் பெயரைச் சேர்த்தார். ஒரு காலத்தில் கீழ்மக்களின் கூத்து என்று ஒதுக்கப்பட்ட ரும்பா, 2016-இல் யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

பள்ளியில் நிலைக்காத, குற்றமும் புகழும் பின்னிய வாழ்வை வாழ்ந்த போசோவைப் புனிதராக்க வேண்டிய தேவையில்லை. அவர் சினத்தால் பலரைப் பகைத்தார். அச்சினமே அவர் உயிரையும் பறித்தது. ஆனால் தடைசெய்யப்பட்ட முரசு, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்க மேடையின் நடுவே வந்து அமர்ந்தபோது, அதன்மேல் இருந்தவை அவருடைய கைகளே. இன்று எந்த நாட்டின் ஜாஸ் குழுவிலும் கொங்கா வாசிக்க அமர்பவர் முதலில் பயிலும் படைப்புகளுள் 'மன்தேக்கா'வும் ஒன்று. அதன் தொடக்கத்தில் பாஸும் முரசும் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளில், ஹவானாவின் அந்தப் பழைய முற்றம் இன்னமும் கேட்கிறது.